கிரேனைப் பற்றி ஒரு ரோமானியச் சக்கரவர்த்தி

பொன்னேரியில் ஒரு புத்தகக் கண்காட்சித் திறப்பு விழாவில் நான் ஒரு ரோமானியச் சக்கரவர்த்தியை மேற்கோள் காட்டினேன். "அவசரப்படுகிறவன் இரண்டு முறை நிற்க நேரிடும்" என்று அவர் சொன்னதாகச் சொன்னேன். கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டல் வருவது அபூர்வம், வந்தால் மறுக்கும் பழக்கமும் இல்லை. கூட்டம் முடிந்து சுண்டல் கொடுக்கும் இடத்தில் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அது எந்த நூலில் வருகிறது?" என்று கேட்டார்.

"அவருடைய கடிதங்களில்" என்றேன். கடிதம் எழுதியிருப்பார் என்ற நம்பிக்கைதான். சக்கரவர்த்திக்கு வேறென்ன வேலை?

"அவர் கடிதம் எதுவும் கிடைக்கவில்லையே" என்றார் பேராசிரியர், மிகுந்த அக்கறையுடன். கையில் சுண்டலோடு ஒரு மனிதன் ஓரளவுக்கு மேல் வேகமாக நடக்க முடியாது.

வீட்டில் இருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். பாதி, நான் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவை. எதிலும் இல்லை. சில நாள் கழித்து, காலையில் நான் வேலை பார்க்கும் ஆலையின் வாசலில் வருகைப் பதிவுக்காக நின்றுகொண்டிருந்தபோது எதிரே கரும்பலகை தெரிந்தது. தினம் ஒரு பொன்மொழி எழுதிவைக்கும் பலகை. அன்றைக்கு வேறு எதுவோ எழுதியிருந்தது. ஆனால் பழையது பளிச்சென்று ஞாபகம் வந்துவிட்டது. முழு வாசகம் இப்படி: "அவசரப்படுகிறவன் இரண்டு முறை நிற்க நேரிடும். முதலில் கிரேனுக்கு அடியில். அப்புறம் டாக்டருக்கு எதிரில்." கீழே கோடு போட்டுச் சக்கரவர்த்தியின் பெயர்.

என் மூளை முதல் வரியையும் சக்கரவர்த்தியையும் எடுத்து வைத்துக்கொண்டு, கிரேனை விட்டுவிட்டிருக்கிறது. நான் நிறையப் படித்தவன் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

அந்தப் பலகையை எழுதியவர் எங்கள் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. ஆலை என்றால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், கட்டடத்துக்குக் கம்பி உருட்டும் ஆலை. நான் அங்கே நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். அவரை எல்லோரும் 'சேஃப்டி சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் பெயரைச் சொல்லப்போவதில்லை. வாழ்நாளெல்லாம் வேறு பெயர்களுக்குப் பின்னால் நின்ற மனிதரைப் பிடித்து முன்னால் தள்ளுவது நியாயமில்லை. அவர் கைவைத்த பெரியவர்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். அவர்களுக்கு ஏற்கெனவே செய்தது போதும்.

குட்டையான மனிதர். வெள்ளை ஹெல்மெட். ஆலையை விட்டு வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் ஹெல்மெட் உயரத்துக்குக் கணக்குப் பண்ணியே வாசற்படிகளில் குனிவார். கல்யாண மண்டபத்தில் உட்காருமுன் அண்ணாந்து மின்விசிறியின் கொக்கியைப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் நாற்காலியை நகர்த்துவார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்து. கும்மிடிப்பூண்டி ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கும் ஒரே ஆள் அவர்தான். ஒரு வருடம் எங்கள் ஊர்த் தேரோட்டத்துக்கு வந்திருந்தார். வடம் முழுவதையும் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை தடவிப் பார்த்து, ஓர் இடத்தில் நார் பிரிந்திருப்பதைக் காட்டி, அதைக் கட்டி முடிக்கும்வரை தேரை நிறுத்திவிட்டார். பெருமாள் நடுத்தெருவில் வெயிலில் காத்திருந்தார். பட்டர் சாமிக்கு வந்த கோபம் பெருமாளுக்கு வரவில்லை.

சக்கரவர்த்தி விஷயமாக அவரிடம் நேரே போய் நின்றேன்.

"ஏன் சார், அந்த ராஜா எங்கே கிரேனைப் பார்த்தார்?"

"பாத்திருந்தா சொல்லியிருப்பாரா, மாட்டாரா?"

"சொல்லியிருப்பார்."

"அப்புறம் இன்னா சார்? சந்தர்ப்பம் கெடைக்கல, அவ்ளோதான். நான் அவருக்கு ஒத்தாசை பண்ணியிருக்கேன்."

அது தொடங்கிய கதையையும் அன்றே சொன்னார். "மொதல்ல என் பேர்லதான் சார் எழுதுனேன். 'கையுறை போடாம கட்டிங் மிஷின்ல கை வெக்காதே'ன்னு. எவனோ கீழ, 'நீ போட்டுக்கோ'ன்னு எழுதிட்டுப் பூட்டான். மறுநாளு அதே வரி. கீழ ஒரு சீன ஞானி பேரு. நாலு பேரு ஃபோன்ல படம் புடிக்கிறான். ஒருத்தன் ஸ்டோருக்குப் போயி கையுறை கேட்டு வாங்கிக்கினான். என் சர்வீஸ்ல ஒருத்தன் தானாப் போயி கையுறை கேட்டு நான் பாத்ததில்ல சார். வார்த்த யாருதா இருந்தா இன்னா? வாயி பெரிய வாயா இருக்கணும்."

அதற்குப் பிறகு வாய்களைப் பிரிவுவாரியாக ஒதுக்கினார். உலைப் பிரிவுக்குப் படைத் தளபதிகள். மின்சாரப் பிரிவுக்கு விஞ்ஞானிகள். கேன்டீனில் கைகழுவும் இடத்துக்கு ஒரு கிரேக்க ஞானி. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களுக்காக ஒரு வடநாட்டு மகானையும் பிடித்துவைத்திருந்தார். அந்த மகான் பேசிய இந்தியைக் கேட்டுப் பையன்கள் தலை குனிந்து நின்றார்கள், பக்தி என்று இவர் எடுத்துக்கொண்டார். எல்லையைத் தாண்டி ஆந்திரப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தெலுங்குக் கவி. அதில் மட்டும் ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தார். ராமுலு என்று ஒரு ஆள், உயரத்தில் ஏறி வேலை செய்கிறவன், நேராகவே கேட்டுவிட்டான்.

"நைனா, எங்க கவி இப்படிப் பாடவே இல்ல. நான் ஸ்கூல்ல அத்தினியும் மனப்பாடம் பண்ணவன்."

"எத்தினாவது வரைக்கும் படிச்சே?"

"நாலாவது."

"இது அஞ்சாவதுல வருது."

ராமுலு கொஞ்ச நேரம் யோசித்தான். மறுநாளிலிருந்து பெல்ட் மாட்டிக்கொண்டுதான் ஏறினான்.

எங்கள் ஆலையில், எல்லா ஆலைகளிலும்தான், காலை ஷிப்ட் தொடங்குமுன் 'டூல்பாக்ஸ் டாக்' என்று ஒன்று உண்டு. பெட்டியும் கிடையாது, டூலும் கிடையாது. தொழிலாளிகளை வரிசையாக நிறுத்தி, அன்றைய வேலையில் என்ன ஆபத்து, எதைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரி சொல்ல வேண்டும். அவர்களும் ஏதாவது குறை இருந்தால் சொல்லலாம். மற்ற ஆலைகளில் அது கொட்டாவி விடும் நேரம். எங்கள் ஆலையில் அதற்காகவே சிலர் சீக்கிரம் வந்தார்கள். சேஃப்டி சார் ஒரு கையை இடுப்பில் வைத்து, கண்ணை மூடி, பெரியவரின் பெயரை முதலில் சொல்லிவிட்டு நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் உருட்டு எந்திரமே காத்திருப்பது போல இருக்கும். பிறகு வாசகம். பிறகு கைதட்டல். அவருடைய வாசகங்கள் படம் பிடிக்கப்பட்டு, பெரியவர்களின் முகம் ஒட்டப்பட்டு, செல்போன் செல்போனாகப் போயின. கோயம்புத்தூரிலிருக்கும் என் மைத்துனன் ஒருநாள் எனக்குக் காலை வணக்கம் அனுப்பினான். திறந்து பார்த்தால், எங்கள் கேன்டீன் கிரேக்க ஞானி. பின்னணியில் சூரியோதயம்.

இதுவரை சிரிப்பதற்கான விஷயம். நான் சிரித்தேன், கேன்டீனில் உட்கார்ந்து சக்கரவர்த்திக் கதையை என்னையே கோமாளியாக்கிப் பலமுறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் பேராசிரியர் கொஞ்சம் உயரமானார், சுண்டல் கொஞ்சம் கூடியது. ஆலை முழுக்க அந்தக் கதை பரவியது. மனிதவள மேலாளர்கூட என்னைப் பார்த்தால், "என்ன, ராஜா கடிதம் போட்டாரா?" என்பார்.

எனக்கு முதல்முறை சங்கடமாக இருந்தது ஒரு ஃபிட்டரின் பணி ஓய்வு விழாவில். பஞ்சுக் கழிவு கொடு, கிரீஸ் கொடு என்பதற்கு மேல் எதுவும் பேசாத மனிதர் அவர். சேஃப்டி சார் மைக்கைப் பிடித்து, "நான் வேலைக்குச் சேந்த புதுசுல இவரு எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. 'மிஷினுக்குப் பயப்படாதே, மிஷினை மதி'ன்னாரு" என்றார். ஃபிட்டர் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். சில மாதம் கழித்துப் புதுவாயல் டீக்கடையில் அவரைப் பார்த்தபோது, அதே வாசகத்தைப் பக்கத்திலிருந்த பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் ஒரு மிடுக்கு. சொல்லாத ஒரு வரி அவரை அரை அடி உயர்த்தியிருந்தது. அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரியென்றும் படவில்லை.

அப்புறம் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமலிருந்த இரண்டு அண்ணன் தம்பிகள், இருவரும் எங்கள் வெல்டர்கள். இவர் அண்ணனிடம் போய்த் தம்பி உன்னைப் பற்றி இப்படிச் சொன்னான் என்றும், தம்பியிடம் போய் அண்ணன் இப்படிச் சொன்னான் என்றும் ஏதோ சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் இருவரும் ஒரே கேரியரில் சாப்பிட்டார்கள்.

"ரெண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்த்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"சண்ட போட்டுக்கினு இருந்தா ஒப்பிட்டுப் பாக்க முடியாது. சமாதானம் ஆய்ட்டா எதுக்கு சார் ஒப்பிட்டுப் பாக்கப்போறானுங்க?"

 

ஏழுமலை எங்கள் ஆலையில், கிரேன் தூக்கும் கம்பிக் கட்டுகளுக்கு இரும்புக் கயிறு மாட்டிவிடும் வேலை செய்தான். பேசாத ஆள். கிரேனுக்குக் கையைக் காட்டிக் காட்டியே வாய்க்கு வேலை இல்லாமல் போய்விட்டது என்று கிண்டல் செய்வார்கள். ஒருநாள் காலை, கட்டைத் தூக்கும்போது கயிறு அறுந்து கட்டு அவன்மேல் விழுந்தது. இதை வேறு எந்த விதமாகவும் எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆலை ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். கூட உட்கார்ந்து போனது சேஃப்டி சார். நான் பின்னால் காரில் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அவன் மனைவி கஸ்தூரியும் பெண்ணும் யாரோ ஒருவருடைய வண்டியில் வந்து இறங்கினார்கள். பெண் பள்ளிச் சீருடையிலேயே இருந்தாள். கஸ்தூரி அழவில்லை. சேஃப்டி சாரின் சட்டையைப் பிடித்தாள். அதில் ரத்தம் இருந்தது.

"கூடவே வந்தியே, எதுனா சொன்னாரா? எதுனா சொன்னாரான்னு சொல்லு."

அவர் கண்ணை மூடினார். ஒரு கை இடுப்புக்குப் போனது. "'கஸ்தூரி, பாப்பாவ நல்லாப் படிக்க வை. யார் மேலயும் தப்பில்ல. நீ தைரியமா இருக்கணும்'னாரும்மா."

அப்போதுதான் அவள் அழுதாள்.

"அப்பா அப்படிச் சொன்னாரா மாமா?" என்றாள் பெண்.

"ஆமாம்மா."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த நிறுத்தம், அந்தக் கை. ஆனால் அந்த இடத்தில் வேறு எந்தப் பதில் சரியாக இருந்திருக்கும்? என்னைப் போன்ற எழுதுகிறவனுக்கு ஒரு சக தொழிலாளியிடம் வரும் மரியாதைதான் வந்தது. அந்த மனிதர் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த காரியம் இதுதான் என்றுகூட நினைத்தேன்.

காரியத்தன்று மனிதவள மேலாளர் பழக்கூடையுடன் அவர்கள் வீட்டுக்குப் போனார். இதமாகப் பேசுவதில் கெட்டிக்காரர். பேச்சோடு பேச்சாக, "கடைசியா ஏதாவது சொன்னாராம்மா?" என்று கேட்டார். சொந்தபந்தம் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, கஸ்தூரி தலையை நிமிர்த்தி அப்படியே சொன்னாள். யார் மேலயும் தப்பில்ல.

சட்டப்படி சேர வேண்டியது அவளுக்குச் சேர்ந்துவிட்டது, அதில் தகராறு இல்லை. தகராறு வேறு. விபத்து எப்படி நடந்தது என்று தீர்மானிக்க ஆலைக்குள்ளேயே ஒரு குழு போட்டிருந்தார்கள். கயிறு நன்றாகத்தான் இருந்தது, ஏழுமலை நிற்கக் கூடாத இடத்தில் கவனமில்லாமல் நின்றான், இறந்தவரே யாரையும் குறை சொல்லவில்லை என்று முடிப்பதாக ஏற்பாடு. சேஃப்டி சாரின் வரி அதற்கு அச்சாணியாகப் பொருந்திவிட்டது.

இது தெரியவந்த அன்று மாலை ரயிலில் சேஃப்டி சார் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கவரைப்பேட்டை வந்ததும் என் பக்கம் குனிந்தார்.

"அவன் அப்படிச் சொல்லல சார்."

"தெரியும்" என்றேன். "கொஞ்சம் சாக்பீஸ் வாசனை அடிச்சுது."

அவர் சிரிக்கவில்லை. "'காலைலயே சொன்னேனே சார்.' இத்தான் சொன்னான். கவரப்பேட்டைல ஒரு வாட்டி. புதுவாயல் வர்றதுக்குள்ள ஒரு வாட்டி. அப்புறம் ஒண்ணுமே இல்ல."

"எதைச் சொன்னான்?"

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். அன்று காலை டூல்பாக்ஸ் டாக்கில் ஏழுமலை கையைத் தூக்கியிருக்கிறான். எப்போதும் தூக்காத கை. "'சார், கயிறு பிரிஞ்சுக்கினு கீது'ன்னான். நான் அப்பத்தான் ஒரு ஜெர்மன் விஞ்ஞானிய ஆரம்பிச்சேன். பேரைச் சொல்லி நிறுத்தியிருக்கேன், எல்லாரும் பாத்துக்கினு கீறானுங்க. 'இர்றா, மொதல்ல இத்தக் கேளு'ன்னேன். கேட்டான். கை தட்டுனானுங்க. அவனும் தட்டுனான் சார். நான் பலகை எழுதப் பூட்டேன். மறந்தே பூட்டேன்."

ஊர்த் தேரின் வடம் என் கண்முன் வந்தது. அதை நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லக் கூடாத இன்னொன்றைக் கேட்டேன். அடக்க முடியாத வியாதி எனக்கு அது. "ஜெர்மன் விஞ்ஞானி என்ன சொன்னார்?"

என் பக்கம் திரும்பினார். பிறகு, "'மிஷினு கெட்டுப்போறதுக்கு முன்னாடி மெதுவாச் சொல்லும். காது குடுத்துக் கேளு'" என்றார்.

நாங்கள் இறங்க வேண்டிய பொன்னேரியில் ரயில் நின்றது. இருவரும் இறங்கவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தோம்.

"யார் மேலயும் தப்பில்லன்னேனே சார், அதுல என்னையும் சேத்துத்தான் சொல்லிக்கினு இருந்திருக்கேன். சொல்லும்போது தெரியல" என்றார் பிளாட்பாரத்தில். "குழுவுல சொல்லிடப் போறேன். அவன் சொன்னான், நான் கேக்கலன்னு. வேலை போவட்டும். சொன்னவன கவனமில்லாதவன்னு எழுதக் கூடாது சார்."

குழுவில் சொல்லுமுன் கஸ்தூரியிடம் சொல்லிவிட வேண்டும் என்றார். துணைக்கு நான் போனேன். வீட்டில் ஏழுமலையின் படத்துக்குக் கீழே, பெண் ஒரு அட்டையில் கலர் பென்சிலால் அந்த மூன்று வரியையும் எழுதி ஒட்டியிருந்தாள். கீழே கோடு போட்டு, 'அப்பா' என்று எழுதியிருந்தது. சேஃப்டி சார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய பலகை மாதிரியேதான் இருந்தது.

பெண் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, அவரு அன்னிக்கு இப்படிச் சொல்லல. நான்தான்... உன்னப் பாக்கச் சொல்லோ மனசு கேக்காம..." என்று தொடங்கி, ரயிலில் சொன்னதை அப்படியே சொன்னார். காலைலயே சொன்னேனே என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

கஸ்தூரி எழுந்தாள். "இன்னா, கம்பெனிக்காரன் டப்பு குடுத்தானா? செத்தவன் சொன்னத மாத்திச் சொல்லிக்கினு வர்ற?"

"இல்லம்மா, கம்பெனிக்காரனுக்கு அந்தப் பேச்சுதான் வேணும். அதனாலதான்..."

"எனுக்கும் அந்தப் பேச்சுதான் வேணும். எழுந்து போ வெளிய. எங்கூட்டுக்காரரு சொன்னது சொன்னதுதான்."

 எந்த வாசற்படியிலும் குனிகிறவர், வெளியே வரும்போது குனிய மறந்து நிலையில் இடித்துக்கொண்டார்.

குழு கூடியது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல என்னை உட்காரவைத்திருந்தார்கள். சேஃப்டி சார் நின்றுகொண்டே சொன்னார். கண்ணை மூடவில்லை. கை இடுப்புக்குப் போகவில்லை. பெயரில்லை, நிறுத்தமில்லை, வளவளவென்று, முன்னும் பின்னுமாக, சொன்னதையே திருப்பிச் சொல்லி. அவ்வளவு மோசமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. உண்மைக்கு ஒத்திகை பார்க்கும் பழக்கம் அவரிடம் இல்லை.

அன்று வரிசையில் நின்ற சிலரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ராமுலு மட்டும், "கை தூக்குனதப் பாத்தேன் சார். இன்னா சொன்னான்னு கேக்கல. எல்லாரும் சாரைத்தானே பாத்துக்கினு இருந்தோம்" என்றான்.

மனிதவள மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நம்ம சேஃப்டி ஆபீசர் நல்லவர். ஆனா அவர் சொல்ற மேற்கோளைப் பத்தி இங்கே ஒரு கதை உண்டு" என்று தொடங்கி, பொன்னேரி, சக்கரவர்த்தி, கிரேன், சுண்டல் என்று எல்லாவற்றையும் சொன்னார். நான் சொல்வதைவிட நன்றாகவே சொன்னார். அறையில் சிரிப்பு. தலைமை அலுவலகத்துக்காரர் என் பக்கம் திரும்பி, என்ன என்று கேட்டார்.

மொழிபெயர்த்தேன். அதுதானே என் வேலை. நகைச்சுவையை வேறு மொழிக்குக் கொண்டுபோவது கஷ்டம் என்பார்கள். அன்று ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "ஆனால் இப்போது இவர் உண்மையைத்தான் சொல்கிறார்" என்று முடிவில் சேர்த்தேன். கதையின் கடைசி வரி என்று நினைத்து அதற்கும் சிரித்தார்.

அறிக்கை அவர்கள் நினைத்தபடியே முடிந்தது. கயிறுகள் எல்லாம் சத்தமில்லாமல் புதிதாக மாற்றப்பட்டன. சேஃப்டி சாரை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஒரு வாரம் டூல்பாக்ஸ் டாக்குக்கு வந்து, "குறை ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, யாரும் கை தூக்காத வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவராகவே வேலையை விட்டுவிட்டார். புதிதாக வந்தவர் பலகையை எடுத்துவிட்டு, தலைமை அலுவலகம் அனுப்பும் ஆங்கிலச் சுவரொட்டிகளை ஒட்டினார். அதில் எவர் பெயரும் கிடையாது. எவரும் படிப்பதும் கிடையாது. கையுறை கேட்டு யாராவது ஸ்டோருக்குப் போகிறார்களா என்று நான் விசாரிக்கவில்லை, பயம்தான்.

போன மழைக்காலத்தில் பொன்னேரி ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஊரில் அண்ணனோடு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"நல்லாக் கீறேன்" என்றார். சற்று யோசித்து, "இது நான் சொன்னது" என்று சேர்த்துக்கொண்டார்.

சிரிப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்குள் அவருடைய ரயில் வந்துவிட்டது.

இதை எழுதலாம் என்று தோன்றியபோது, கஸ்தூரியிடம் கேட்காமல் எழுதுவது முறையில்லை என்று பட்டது. அவள் இப்போது புதுவாயல் பக்கம் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை செய்கிறாள். பெண் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். கம்பெனி பஸ்ஸுக்காக அவள் நிற்கும் இடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஏழுமலையின் கடைசி வார்த்தை எது என்ற குழப்பத்தைப் பற்றி, சற்று நாசூக்காக.

"இதுல இன்னா சார் கொழப்பம்?" என்றாள். "எங்கூட்டுக்காரரு ஒருநாளும் என்னப் பேரு சொல்லிக் கூப்ட்டதில்ல. 'ந்தா'ன்னுவாரு, அவ்ளோதான். அந்த ஆளு ஆஸ்பத்திரில 'கஸ்தூரி'ன்னு ஆரம்பிக்கச் சொல்லோவே தெரியும், இது இவன் பேச்சுன்னு."

"அப்புறம் ஏம்மா..."

"புள்ள பக்கத்துல நின்னுக்கினு இருந்துச்சே சார். அன்னிக்கும் நின்னுச்சு, நீங்க ஊட்டுக்கு வந்த அன்னிக்கும் நின்னுச்சு. அட்டைல எழுதி ஒட்டி வெச்சிக்கினு அத்தப் பாத்துப் பாத்துப் படிச்சுக்கினு கீது. நான் இன்னா பண்றது?" பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "'காலைலயே சொன்னேனே'ன்னாரு பாரு, அது அவரு சொன்னதுதான். ஊட்லயும் அத்தான். கேஸ் தீந்து போனா, 'காலைலயே சொன்னேனே'. குழாய் ஒழுவுனா, 'காலைலயே சொன்னேனே'. வேற எவனுக்கும் அது வராது."

"அதைக் குழுவில் சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டாவது வாட்டி எவன் சார் வந்து கேட்டான்?"

 ஒரு மனிதர் தன் வாழ்நாளில் திருத்தமாகச் சொன்ன ஒரே மேற்கோள், அதை உண்மையென்று உறுதி செய்யக்கூடிய ஒரே ஆள். சொன்னவரையும் அவளையும் நான் ஒரே அறையில் பார்த்திருக்கிறேன். "இதையெல்லாம் அப்படியே எழுதப்போறேம்மா. எல்லாருக்கும் தெரியட்டும்" என்றேன், என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

பஸ் வந்து நின்றது. அவள் படியில் காலை வைத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எழுதினா எழுதிக்கோ சார். நீ அந்தக் கம்பெனிலதானே இன்னும் கீறே? அவரு டிபன் கேரியரு அன்னிக்கு அங்கியே நின்னுபோச்சு. மூணு அடுக்கு, நல்ல எவர்சில்வரு. முடிஞ்சா அத்தக் கேட்டு வாங்கிக்கினு வா."